ஆமெனுக்கு இரண்டு கை வேண்டும்

எங்கள் சபை கூடுவது ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் நீளமான அறையில். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தாலும் ரப்பர் வாசனை படியேறி வந்துவிடும். மேடைக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டிய முதல் வரிசை காது கேளாதவர்களுக்கு. அவர்களைப் பார்த்தபடி, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நிற்பேன். பிரசங்கம் என் முதுகில் வந்து விழும். என் கைகள் வழியாக அவர்களிடம் போகும்.

அந்த வரிசையில் ஒருத்தி என் அக்கா.

பிறவியிலேயே காது கேளாதவள். கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். மெஷின் போடும் இரைச்சலுக்கு மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். "எனக்குச் சாமி வச்சு அனுப்பிட்டாரு" என்பாள் இவள். நான் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். திரையில் எழுதியிருப்பதை மட்டும்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிடுவார். வாரமெல்லாம் கம்பெனியின் வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் வார்த்தை. இதை ஒருமுறை அக்காவிடம் சொல்லிச் சலித்துக்கொண்டேன்.

"உன் வார்த்தைக்குன்னு சனிக்கிழமையை வச்சுக்கோ. நான் கேட்கிறேன்" என்றாள்.

'என்றாள்' என்று எழுதிவிடுகிறேன். அவள் பேசுவதெல்லாம் கையாலும் முகத்தாலும்தான். சிறு வயதில் நாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் பாதி, பிறகு பள்ளியில் அவள் கற்றுவந்து எனக்குக் காட்டியவை பாதி. எல்லாருக்கும் சைகையிலேயே ஒரு பெயர் உண்டு. இடது மணிக்கட்டில் மச்சம் இருப்பதால் என் பெயர் மணிக்கட்டில் ஒரு தட்டு. பாஸ்டர் என்றால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுவது. முதல் வரிசையில் எப்போதும் கை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் முடிதிருத்தும் கடைக்காரருக்குக் காதருகே ஒரு குமிழைத் திருகுவது. ரேடியோ. அவருக்கும் அந்தப் பெயரில் ஏகப் பெருமை.

ஆமென் சொல்ல வலது கையை மூடி இடது உள்ளங்கையில் வைக்க வேண்டும். முதல் வரிசையில் அத்தனை பேரும் ஒன்றாக வைக்கும்போது மெல்லிய ஒரு சத்தம் வரும். அந்த வரிசையிலிருந்து வரும் ஒரே சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்கும்.

மொழிபெயர்க்க ஆரம்பித்த புதிதில் நான் கொஞ்சம் தணிக்கை செய்வேன். பாஸ்டர் தாமதமாக வருகிறவர்களைக் கடிந்துகொண்டால் அதை விட்டுவிடுவேன். காது கேளாதவர்கள்தான் பாவம், முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறவர்கள். எதற்கு அவர்களுக்கு அந்தத் திட்டு? அக்கா கண்டுபிடித்துவிட்டாள். பின்வரிசையில் தலைகள் குனிவதைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள், என் கையில் மட்டும் அன்பும் கிருபையும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"திட்டு விழுந்துச்சா?"

"நமக்கில்லைக்கா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு."

"விழுந்துச்சா இல்லையா? எனக்கும் அதுல பங்கு குடு. நல்லதை மட்டும் ஊட்டிவிட நான் என்ன கைக்குழந்தையா? உனக்குப் பிடிக்குதோ இல்லையோ, வர்றதைக் கொண்டுவந்து குடு. கர்த்தர் என்ன பேசுறாருங்கிறதை நீ தீர்மானிக்காதே."

அதற்குப் பிறகு நான் எதையும் விட்டதில்லை. அந்த ஒரு ஞாயிறு வரை.

*

அக்காவின் இடது மார்பில் கட்டி இருப்பது மழைக்காலத்தின் தொடக்கத்தில் தெரிந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். அறுவை செய்யும் டாக்டர் ஒரு பெண். வேகமாகப் பேசுகிறவர். பேசும்போது என்னையே பார்த்துப் பேசினார். அக்கா மேஜையைத் தட்டினாள். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கட்டி எனக்கு. இவளுக்கு இல்லை. என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லு."

நான் அப்படியே சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வாரமே பண்ணிடலாம். தள்ளிப்போடாதீங்க."

"நான் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா.

"யாரைக் கேட்கணும்? வீட்டுக்காரரையா?"

அக்கா விரலை மேலே காட்டினாள். டாக்டர் மேல்மாடியில் யாரோ பெரிய டாக்டர் இருக்கிறாரோ என்று நினைத்திருக்க வேண்டும். "அங்க எலும்பு வார்டுதான் இருக்கு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு அன்றோடு போயிற்று. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், துணி மடிப்பாள், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் கையால் ஜெபிக்கிறவள். கதவு திறந்திருந்தால் நான் கேட்டுவிடுவேன் என்பதால் எப்போதும் சாத்திக்கொள்வாள். கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ முறை நான் கொதித்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது? அங்கே ஒரு கட்டி வளர்கிறது. அதுதான் நடக்கிறது.

"அவர் வேளைக்கு நான் காத்திருக்கணும்" என்பாள்.

"கட்டி யார் வேளைக்கும் காத்திருக்காதுக்கா."

"பயத்துல ஓடுறது வேற, அவர் அனுப்பிப் போறது வேற. அனுப்பட்டும், போறேன்."

நான் கெஞ்சினேன். இணையத்தில் படித்ததையெல்லாம் கையால் கொட்டினேன். ஒருநாள் அழுதேன். இன்னொரு நாள் அவளோடு பேசவே இல்லை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கை காலியாக இருந்தால்தானே பேச முடியும்.

"சரி. போகலாம். தேதி வாங்கு."

அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டு, அவள் மனம் மாறிவிட்டால்? வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்தது.

*

அதற்கு முந்தின ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு தேவ ஊழியர் பிரசங்கிக்க வந்திருந்தார். பெரிய மீசை. மேடையில் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பது கஷ்டம். குரல் முதுகின் இடமும் வலமும் மாறி மாறி வரும். ஆனால் நன்றாகப் பேசினார். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார். அவசரப்பட்டு முந்திக்கொண்டு ஓடிப் பிறகு திரும்பி வர வழி தெரியாமல் நின்றவர்களைப் பற்றிப் பேசினார். என் கைகள் சுகமாகப் போய்க்கொண்டிருந்தன.

திடீரென்று குரல் நின்றது. பிறகு தாழ்ந்து, நெருக்கமாக, என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இங்க ஒரு மகள் இருக்கிறா. இந்த வாரம் கத்திக்குத் தேதி வாங்கி வச்சிருக்கிறா. மகளே, கர்த்தர் சொல்றார்: யார் உன்னை அவசரப்படுத்தினது? அந்த நாள் நான் குறிச்ச நாள் இல்லை. என் வேளைக்குக் காத்திரு. நான் தொடுவேன்."

என் கைகள் 'மகள்' வரைக்கும் போயிருந்தன. அங்கேயே நின்றன. பிறகு தாமாகவே கீழே இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டன. நான் இறக்கியதாக எனக்கு நினைவில்லை.

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆமென், ஆமென் என்று குரல்கள். பின்னால் யாரோ அழுதார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை அல்ல, கைகளை. புருவத்தை உயர்த்தினாள்.

கைகளைத் தூக்கினேன். "கர்த்தர் நம்ம எல்லாரோடயும் இருக்கிறார். ஜெபிப்போம்" என்று காட்டினேன்.

முதல் வரிசை ஆமென் வைத்தது. அந்த மெல்லிய சத்தம். அதைப் போல ஒரு பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "நடுவுல என்ன ஆச்சு? எல்லாரும் அழுதாங்க."

"பொதுவா ஜெபம்தான். வியாதிக்காரங்களுக்காக" என்றேன் ஈரக் கையால். பொய் சொன்ன கையைச் சோப்புத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்றும் மறுநாளும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஹெட்செட்டுக்குள் யாரோ கட்டணம் கூடிவிட்டது என்று கத்திக்கொண்டிருப்பார். என் மனசு அந்த வலது தோள் பக்கத்துக் குரலிலேயே நிற்கும். அவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்டர் வீட்டில்தான் தங்கியிருந்தார், பாஸ்டர் சொல்லியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் அவிசுவாசி அல்லவே. கர்த்தர் மனிதர் வாயால் பேசுவார் என்று நம்பி வளர்ந்தவள். அது அவர் பேச்சாக இருந்திருந்தால்? ஒரு பெண்ணுக்கு வந்த செய்தியை நடுவழியில் நின்று விழுங்கிவிட்டேனே. அதைச் சொல்லியிருந்து, அவள் போகாமல் இருந்து, அது அவர் பேச்சாக இல்லாமலும் இருந்திருந்தால்? இரண்டு பக்கமும் அக்கா செத்துப்போனாள். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. ஒருவர் பேச்சைத் தடுத்துவிட்டு அவரிடமே போய் எதைப் பேசுவது?

*

செவ்வாய் சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. எங்கள் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான், சுவிட்சைத் தட்டி. நிலைவாசலில் அக்கா. வேலை செய்யும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"ரேடியோ இன்னைக்கு என் கடைக்கு வந்தான்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவனுக்கு வாயசைவு தெரியும். முடிவெட்டுறப்போ கண்ணாடியில பார்த்துப் பார்த்தே படிச்சவன். அந்த மீசை மறைச்சுதாம், பாதிதான் கிடைச்சுதாம். 'மகள்'னு ஒண்ணு. 'கத்தி'ன்னு ஒண்ணு. 'காத்திரு'ன்னு ஒண்ணு. 'உன் தங்கச்சி கை ஏன் நின்னுச்சு'ன்னு கேட்டான். நான் என்ன சொல்லட்டும்?"

"அக்கா..."

"மீதியைச் சொல்லு."

நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். எங்கள் சண்டைகள் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. பாத்திரம்கூட அதிராது. ஆனால் இரண்டு கொடுமைகள் உண்டு. ஒன்று, மற்றவள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது. இன்னொன்று, பேசுகிறவள் கையைப் பிடித்துக்கொள்வது. சிறுமிகளாக இருந்தபோது இரண்டையும் செய்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். இப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

திறந்தபோது அவள் மெதுவாக, ஒவ்வொன்றாகக் காட்டினாள். "அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே. நீ மொழிபெயர்க்கிறவ. நான் முதல் வரிசை. சொல்லு."

சொன்னேன். அடுப்படியில், வெங்காயத் தோலுக்கு நடுவில் நின்று. அவர் குரலைத் தாழ்த்தியதால் கையைத் தாழ்த்திக்கொண்டேன். 'யார் உன்னை அவசரப்படுத்தினது' என்ற இடத்தில் அவள் கண்ணைப் பார்க்காமல் காட்டினேன். ஏனென்றால் அவசரப்படுத்தியது நான்தானே. 'காத்திரு' எங்கள் சைகையில் இரண்டு கையையும் கவிழ்த்து மெல்ல மெல்ல அமுக்குவது. அதையும் செய்தேன். 'நான் தொடுவேன்' வரை கொண்டுபோய் முடித்தேன்.

அக்கா கத்தியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"எதுக்கு மறைச்ச?"

"நீ போகமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு."

"அப்போ எனக்குன்னு வந்ததை நீ வச்சுக்கிட்ட."

"நீ செத்துப்போயிடுவேன்னு பயமா இருந்துச்சு. போதுமா?"

"பயத்தைத்தான் காட்டிட்டியே. உன் நம்பிக்கையைக் கேட்கிறேன். அது கர்த்தர் சொன்னதுன்னு நம்புறியா?"

"தெரியலை."

"தெரியலைன்னா எந்தத் தைரியத்துல நிறுத்தின?"

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு திரும்பி, "நாளைக்குப் பாஸ்டரைப் பார்க்கணும். நீ வரணும். வேற ஆள் இல்லாததால" என்றாள். அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது.

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வியாழக்கிழமை போய்விட்டது என்று தோன்றியது.

*

பாஸ்டரின் அறை சபை அறைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் இடையில். நல்ல மனிதர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர், அதுதான் அவருடைய தொல்லை. அக்கா உட்காரும் முன்பே கேட்டாள். நான் குரல் கொடுத்தேன்.

"என்னைப் பத்தி அவர்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "ஜெபத்துல வைக்கச் சொன்னேன்மா. சாப்பிடுறப்போ. ஆபரேஷன்னு மட்டும்தான். என்ன கிழமைன்னு சொல்லலை... சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை."

"அப்போ அவருக்கு அது உங்க வாயிலிருந்து போனது."

"அப்படியும் வச்சுக்கலாம். ஆனா கர்த்தர் நினைச்சா என் வாயையும் உபயோகிக்கலாமேம்மா."

இதைக் கையில் காட்டியபோது அக்கா சிரித்துவிட்டாள். பாஸ்டரும் அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

"நீங்க என் இடத்துல இருந்தா?"

பாஸ்டர் மேஜைமேல் இருந்த மைக் வயரைச் சுற்றினார், பிரித்தார். "அவர் பெரிய ஊழியர். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் தப்புன்னும் என்னால சொல்ல முடியலை. ஜெபிப்போமே."

ஒன்றையும் விடாமல், சேர்க்காமல், வயர் சுற்றியதைக்கூட விடாமல் காட்டினேன். அக்கா தலையசைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பாஸ்டரைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் எனக்கென்று பேசுகிறாள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. அதற்குக் குரல் கொடுக்க வேண்டியதும் நானே.

"கட்டின்னு தெரிஞ்சதுமே ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. எனக்குப் பயம். பயத்துல சரின்னு சொல்லவும் பிடிக்கலை, பயத்துல மாட்டேன்னு சொல்லவும் பிடிக்கலை. அதனால கேட்டேன். தினமும் கேட்டேன். என் தங்கச்சி அதைப் பிடிவாதம்னு நினைச்சா. ஒருநாள் விடிகாலையில எனக்குப் பதில் வந்துச்சு. எப்படின்னு கேட்காதீங்க, சொல்லத் தெரியாது. பயம் அப்படியே இருந்துச்சு, ஆனா 'போ'ன்னு இருந்துச்சு. எழுந்து வந்து, ரொட்டி தின்ன உட்கார்ந்தப்போ, போகலாம்னு சொன்னேன். இவ தான் பேசி ஜெயிச்சிட்டதா நினைச்சா. எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கலை."

கடைசி வார்த்தையை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பாஸ்டர் தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். குடிக்காமல் தொடர்ந்தேன்.

"எனக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியாச்சு. அதுல நிக்கிறதுதான் கீழ்ப்படியறது. கர்த்தரே மாத்திச் சொல்லணும்னா என் அறைக்கு வழி தெரியும் அவருக்கு. நேத்து சாயங்காலமும் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டேன். புதுசா எதுவும் இல்லை. நாளைக்குப் போறேன். இதைக் கேட்க இங்க வரலை. எனக்கு வந்த வார்த்தையை மறைச்ச இவ, கர்த்தர் எங்கிட்ட பேசணும்னா தன் கை வழியாத்தான் வரணும்னு நினைச்சிட்டிருக்கா. இவ கையில்லாத நேரத்துல நான் செவிடுன்னு நினைச்சிட்டிருக்கா. அதை இவ வாயாலேயே இவ சொல்லிக் கேட்கணும்னு கூட்டிட்டு வந்தேன்."

சொன்னேன். கடைசி வார்த்தை வரை சொன்னேன். அந்த அறையில் என் குரல் என்னையே குற்றம் சாட்டிவிட்டு நின்றது.

எத்தனை வருடம் அந்த வரிசைக்கு எதிரே நின்றிருக்கிறேன். ஊழியம் என்று நினைத்தேன். அதற்குள் இப்படி ஒரு எண்ணம் உட்கார்ந்திருந்ததா? இருந்தது. அவள் சொன்ன பிறகு தேட வேண்டியிருக்கவில்லை. எப்போதும் கண்முன் இருந்த நாற்காலி போல, அங்கேயே இருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நின்று நான் கொதித்ததெல்லாம் கட்டியைப் பற்றி மட்டுமா? நான் இல்லாமல் உள்ளே ஒரு பேச்சு நடந்தது, அதுவும்தான்.

படியிறங்கும்போது, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீ வேண்டாம். ரேடியோவோட வாயசைவை வச்சுச் சமாளிச்சுக்குவேன்" என்றாள்.

*

வியாழன் விடிந்ததும் என் அறை விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. தூங்கியிருந்தால்தானே எழுவதற்கு. அக்கா பையோடு நின்றாள்.

"கிளம்பு. ரேடியோ வந்தா டாக்டருக்கே முடிவெட்டிவிட்டுடுவான்."

நான் அழுதுவிட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ஒரு வார்த்தை குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னா உன் தோள் தூக்கிக்கும். ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்."

அறுவை அரங்குக்கு முந்தின சிறிய அறையில் ஒரு கட்டில், ஒரு கடிகாரம், சக்கரம் வைத்த ஒரு மேஜை. எனக்கும் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள், அவள் மயங்கும் வரை கூட இருக்க. இடது பக்கம் அறுவை செய்யும் பக்கம் என்பதால் அந்தக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கையில் ஊசி ஏறியிருந்தது. "அந்தக் கையைக் கட்டாதீங்க, அதுதான் அவங்க வாய்" என்று நான் சொன்னதும் நர்ஸ் கட்டின பட்டையை அவிழ்த்துவிட்டார்.

டாக்டர் வந்தார். இந்த முறை நேராக அக்காவைப் பார்த்துப் பேசினார். அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தோன்றியது.

"காலையில எடுத்த ஸ்கேன்ல அக்குளுக்குள்ளேயும் கட்டி தெரியுது. முன்னாடி எடுத்ததுல அது இல்லை. அதையும் எடுக்கணும், உங்க சம்மதம் வேணும். வேற எங்கயாவது பரவியிருக்கான்னு திறந்து பார்த்த பிறகுதான், அப்புறம் வர்ற ரிப்போர்ட்லதான் தெரியும். உங்களுக்கு ஒளிச்சுவைக்க விரும்பலை. முதல்ல சொன்ன வாரமே வந்திருந்தா இது வராம இருந்திருக்கலாம். வந்தும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

டாக்டர் நிறுத்தினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சம்மதம் கேட்க முதல் பாதி போதும். கடைசி இரண்டு வாக்கியம் எதற்கு? கண் மூடப்போகிறவளுக்கு எதற்கு அது? அவள் காத்திருந்த வாரங்களெல்லாம் அதில் இருந்தன, ஒவ்வொரு சாயங்காலமும் சாத்திய கதவும் இருந்தது. என் தோள் தூக்குவதை நானே உணர்ந்தேன்.

தோளை இறக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். 'வராம இருந்திருக்கலாம்' என்று சொன்னேன். 'வந்தும் இருக்கலாம்' என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே அளவில் வைத்தேன்.

அக்கா என் கைகளையே பார்த்தாள். முடிந்ததும் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள், எடுக்கலாம் என்று. பிறகு கூரையைப் பார்த்தாள். ஒற்றைக் கை எழுந்தது. ஒரு கை இல்லாத பேச்சு பாதிப் பேச்சு, மீதியை நான் ஊகிக்க வேண்டியிருந்தது.

"காத்திருந்தது தப்பா?"

"அக்கா, அப்படி..."

அவள் விரலை ஆட்டினாள். உன்னைக் கேட்கவில்லை.

நான் கையை மடக்கிக்கொண்டேன். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் வந்ததா, எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் சமாதானம் இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. பயம்தான் இருந்தது. கண்ணோரம் ஈரம் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கா வலது கையை மூடினாள். ஊசிக் குழாய் இழுபட, அந்த மூடிய கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. வலிக்கிறதோ என்று நினைத்தேன். கட்டிப்போட்டிருந்த தன் இடது கையைக் கண்ணால் காட்டினாள். பிறகு என்னை.

என் இடது உள்ளங்கையை விரித்து அவள் கைக்கு அடியில் கொண்டுபோனேன். வைத்தாள். கனமாக இருந்தது. சத்தம் வரவில்லை.

எதற்கு அந்த ஆமென் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் விரல்கள் என் உள்ளங்கையில் தாமாகத் தளரும் வரை அப்படியே வைத்திருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார், சட்டையில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கைகள் பறந்தன. "என்ன ஆச்சு? உள்ளே விட்டாங்களா? அழுதாளா? அந்த மீசைக்காரர் சொன்னதைப் பத்தி ஏதாவது..."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் சொன்ன அத்தனையும். அக்குள், முன்பு இல்லாதது, வராமல் இருந்திருக்கலாம், வந்தும் இருக்கலாம். அக்கா கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. அது எனக்கு வந்ததல்ல.

ரேடியோ கடைசிவரை பார்த்தார். ஏதோ சொல்லக் கைகளைத் தூக்கினார். பாதியில் நிறுத்தி, இரண்டையும் தொடைகளுக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எதிரே மூடிய கதவு. அதன் மேல் சிவப்பு விளக்கு ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீடாக இருந்தால் யாராவது சுவிட்சைத் தட்டியிருப்பார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கை இன்னும் விரிந்தே இருந்தது. அதை மூடத் தோன்றவில்லை.